பி.டி. டீச்சர் போட்ட தோப்புக்கரணம்

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். பிரம்பைத் தொட்டதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கழுத்தில் விசில், வாயில் தோப்புக்கரணம், இரண்டும் போதும். ஷூவுக்குப் பாலிஷ் போடாமல் வந்தால் பத்து. வரிசையில் பேசினால் பதினைந்து. ஒரு விசிலுக்கு எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், இரண்டாம் விசிலுக்குக் கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். எழுவதில் பின்தங்கினால் இருபத்தைந்து.

அந்த இருபத்தைந்தை வாரம் தவறாமல் வாங்கியவள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். பள்ளியே எழுந்து நின்ற பிறகு, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதே என்று எழுவதுபோல எழுவாள். கேட்டால் "கால்ல தெம்பு இல்ல மிஸ்" என்பாள். "பதினாலு வயசுல தெம்பு இல்லாம எங்க போச்சு? நாப்பத்தொரு வயசுல எனக்கு இருக்கே!" என்று மைதானமே கேட்கும்படி சொல்வேன். அப்படிப் பேசியதையெல்லாம் இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம் அது. பள்ளிக்குப் போகும் வழியில் எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கு மூன்று தோப்புக்கரணம் போடுவது என் வழக்கம். பிறருக்கு இருபத்தைந்து கொடுப்பவள் தானும் மூன்றையாவது போட வேண்டாமா என்கிற நியாயம். அன்றைக்கு முதலாவது சரியாக வந்தது. இரண்டாவதில் தொடை நடுங்கியது. மூன்றாவதற்குக் கீழே போனேன், போனவள் அங்கேயே இருந்தேன். எழு என்று காலுக்குச் சொல்கிறேன், கால் கேட்கவில்லை. காதைப் பிடித்தபடி பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா கொஞ்ச நேரம் மரியாதையாகப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "இன்னா டீச்சர், இம்மா நேரமா வேண்டிக்கினு கீறே? புள்ளையாருக்கே கால் வலிக்கும்."

"கால் மரத்துப் போச்சு" என்றேன்.

"அத்த சொல்ல வேண்டியதுதான? புடி கைய." பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து, என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். நிறுத்தியவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மூஞ்சி உப்பிக் கீது. எதுனா விசேஷமா?"

நாற்பத்தொரு வயதில், மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும்போது விசேஷம்! முறைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து தோப்புக்கரணத்தை இரண்டாக்கினேன். அடுத்த வாரம் ஒன்று. அப்புறம் தலையில் குட்டு மட்டும். ஆடி பிறப்பதற்குள் குட்டுவதற்குக் கையைத் தூக்குவதே அலுப்பாகி, ஒரு கும்பிடோடு நிறுத்திக்கொண்டேன்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. நான்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பின்னல் பின்னக் கை வலித்ததால் கொண்டைக்கு மாறினேன். துணி உலர்த்தும் கொடியை ஒரு முழம் இறக்கிக் கட்டச் சொன்னேன். ரவிக்கை இறுக்கியதற்குத் தையற்காரரைத் திட்டினேன். பஸ் படி மட்டும் என் சமாதானத்துக்கு அடங்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை மேலே இழுப்பதற்குள் கண்டக்டர், "ஏறும்மா, மலையா ஏர்ற?" என்பார். குரல் தடித்துப் போயிருந்தது. ஒருநாள் என் கணவரின் அலுவலக நண்பர் தொலைபேசியில் என் 'ஹலோ'வைக் கேட்டுவிட்டு, "என்ன சார், சளியா? இன்னைக்கு லீவா?" என்று என்னிடமே விசாரித்தார்.

என் கணவர் தி. நகரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆனால் வீட்டில் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. "ஊரே வெந்துகிட்டிருக்கு, நீ ஃபேனை நிறுத்திட்டுப் போர்வையை இழுத்துப் போத்திக்கறே. எனக்கென்னம்மா பாவம்?" என்று வியர்வையோடு கேட்பார். சமையலறையில் அவருக்குத் தெரிந்த வேலையும் ஒன்றே ஒன்று, காபி. அதில் மட்டும் அவர் சர்வாதிகாரி. ஃபில்டரில் பொடியை எவ்வளவு அழுத்த வேண்டும், பாலை எந்தப் பொங்கலில் இறக்க வேண்டும் என்பதிலெல்லாம் என்னைக் கிட்டவே விடமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து காலை ஐந்தரைக்கு என் கைக்கு டபரா டம்ளர் வந்துவிடும். இந்தக் கதைக்கு அந்தக் காபி ரொம்ப முக்கியம்.

ஜூலைக் கடைசியில் மைதானத்தில் குட்டு வெளிப்பட்டது. மூன்று வகுப்புகளுக்குச் சேர்த்து டிரில் நடந்துகொண்டிருந்தது. விசில் கொடுத்து, வழக்கம்போலப் பெண்களோடு நானும் அவர்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டாம் விசில் கொடுத்தேன். மூன்று வகுப்பும் ஒரே வீச்சில் எழுந்தது. நான் எழவில்லை. முன்வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள், ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்து மறுபடியும் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து இரண்டாம் வரிசையும் உட்கார்ந்தது. கடைசி வரிசையில் மட்டும் குழப்பமே இல்லை. அந்த ஒன்பதாம் வகுப்புக்காரி முதல் தடவையே இன்னும் எழுந்திருக்கவில்லை. இத்தனை தலைகளுக்கும் நடுவில் எங்கள் இருவர் கண்ணும் சந்தித்துக்கொண்டன.

கொடிக்கம்பத்தின் மேடையைப் பிடித்து ஒருவழியாக எழுந்தேன். மாடி வராந்தாவில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

அன்று மாலையே கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி. எனக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். "ஒடம்பைப் படுத்திண்டு எதுக்கு வெயில்ல நிக்கறேள்? லைப்ரரியில ஒரு எடம் காலியாறது. ஃபேனடியில உக்காந்துண்டு பாக்கற வேலை. அடுத்த வருஷத்துலேர்ந்து எடுத்துக்கோங்கோ."

"மேடம், பிப்ரவரியில ஸ்போர்ட்ஸ் டே இருக்கு. டிரில்லுக்கு நான்தான் முன்னாடி நிப்பேன்."

"நின்னா சந்தோஷம்தான். முடியலேன்னா லைப்ரரி. சரிதானே?"

சரி என்று சொல்லிவிட்டு ஆசிரியைகள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். லைப்ரரி மோசமான இடமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மண் தரையும் வெயிலும் வரிசையும்தான். அதை எடுத்துவிட்டால் என்னிடம் ஒரு விசில்தான் மிச்சம், அதையும் லைப்ரரியில் ஊத முடியாது.

வைத்தியம் தொடங்கியது. கோயில் குளத்தருகே ஒரு டாக்டர், பலவீனம் என்று பத்து ஊசி போட்டார். சிறுநீர் மஞ்சளாகப் போனதைத் தவிர மாற்றம் ஒன்றுமில்லை. அடுத்து எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "தசையிலயே ஏதாவது வியாதியா இருக்கலாம், பாக்கணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த வார்த்தையோடு நான் இரண்டு வாரம் குடியிருந்தேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விசில் கொடுப்பதுபோலக் கற்பனை ஓடும். உண்மையில் பயந்துவிட்டேன். பயத்தில் கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

மூன்றாமவர் அடையாறில் ஒரு டாக்டர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு முக்காலியில் உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். நான் எழவில்லை. நாற்காலியில் மண்டியிட வைத்து, பாதங்களைத் தொங்கவிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பாதம் சட்டென்று கீழே போனது. திரும்பி வரும்போது மட்டும் அதற்கு அவசரமே இல்லை, சாவகாசமாக வந்தது. டாக்டர் மறுபடியும் தட்டினார், அப்புறம் இன்னொரு முறை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் அவஸ்தையில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"ராத்திரி ஃபேன் போட்டுக்கறீங்களா மேடம்?" என்று கேட்டார்.

பதிலைச் சொல்ல என் கணவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். குளிர், குரல், வீக்கம், ரவிக்கை என்று எல்லாவற்றையும் கொட்டினார். தொலைபேசியில் என்னை 'சார்' என்று கூப்பிட்டதைக்கூட விடவில்லை.

"உங்க தசையில நோய் இல்ல மேடம். நோய் கழுத்துல இருக்கு, தைராய்டு சுரப்பியில. அது வேலை செய்யறதைக் குறைச்சிடுச்சு. அது அனுப்ப வேண்டியது வரலைன்னா உடம்பே மந்தமாயிடும். தொடையும் தோளும் முதல்ல மாட்டிக்கும். ரத்தத்துல பார்த்து உறுதி பண்ணிடலாம். மாத்திரை போட்டா சரியாயிடும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வரிசையில் ஒருத்தி பேசுவாள், நான் வகுப்புக்கே தோப்புக்கரணம் கொடுப்பேன். அதுதான் நடந்திருக்கிறது. என் தொடை ஒரு தப்பும் செய்யவில்லை, பக்கத்தில் பேசியவளுக்காகத் தண்டனை அனுபவிக்கிறது. அன்று வீடு திரும்பும்போது பஸ் படியில் கண்டக்டர் முனகியதற்குக்கூட நான் சிரித்தேன்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்னதை உறுதி செய்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். ஃபேனுக்காக இவளோடு சண்டை போட்டோமே, இவளுக்கு உடம்புதான் சரியில்லை என்று தோன்றவில்லையே என்று அவருக்கு உறுத்தல். காலை ஐந்தரைக்கு டபராவின் ஓரத்தில் அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை, நடுவில் நுரை ததும்பும் டம்ளர். "முதல்ல மாத்திரை" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒருநாள் தவறவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரின் முகம் இந்த முறை மலரவில்லை. தைராய்டு கணக்கு கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார். முழங்காலைத் தாங்கிப் பிடித்தபடி ஆயுதபூஜையைக் கடந்தேன். தீபாவளிக்குப் பிறகு, அடைமழையில் நனைந்துகொண்டே மறுபடி அடையாறு போனோம். நிலைமை அப்படியே இருந்தது.

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். "மேடம், மாத்திரையைத் தினமும் போடறீங்களா?"

எனக்கு முகம் சுட்டது. பதினேழு வருடமாகப் பெண்களிடம் நான் கேட்கும் கேள்வியை, அதே குரலில் என்னிடம் கேட்கிறார். "பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது டாக்டர்."

"வெறும் வயித்துலதானே?"

"வெறும் வயித்துலதான்."

எனக்காக வாதாட என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். "டாக்டர், நான் சாட்சி. தினமும் அஞ்சரைக்கு என் கையாலதான் குடுக்கறேன். காபி கலந்து, டபராவுலயே மாத்திரையை வெச்சு, அவங்க காபியோட முழுங்கற வரைக்கும் நின்னு பாக்கறேன்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "காபியோடயா?"

"காபியோடதான். வேற எதுவும் இல்ல. டிபன் எட்டு மணிக்குத்தான்."

"சார், வெறும் வயிறுன்னு சொன்னேனே!"

"வெறும் வயிறுதானே டாக்டர்? காபி எப்படி சாப்பாடாகும்? விரதத்தன்னிக்குக்கூட நாங்க காபி குடிப்போமே!"

டாக்டர் தன் மேஜை ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு காலி காபி டம்ளர் இருந்தது. அவர் சிரிக்கத் தொடங்கினார். "தப்பு என்மேலதான் சார். இந்த ஊர்ல பிராக்டிஸ் பண்ணிக்கிட்டு அதைத் தனியா சொல்லாம விட்டேனே!" பாலும் காபியும் சேர்ந்தால் மாத்திரையில் பாதிகூட உடம்பில் ஒட்டாது என்று விளக்கினார். தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் காபி கூடாது. கூட்டியிருந்த அளவையும் பழையபடி குறைத்து எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆற்றுப்பாலம் தாண்டும்போது ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை நாளா நானே கலந்து குடுத்திருக்கேனே" என்றார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை அதற்கு முன்னால் எப்போதும் உணர்ந்ததில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "டிகாக்ஷன் கொஞ்சம் தண்ணியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் சரியாகிவிட்டார்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் வந்தன. நான் குடிக்காதபோது தானும் குடிப்பதில்லை என்று அவர் வைராக்கியமாகச் சொன்னார். வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, காபி இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் இருவரும் மனிதர்களாகவே இருக்கவில்லை. மூன்றாம் நாள் பேப்பரின் நடுப்பக்கத்துக்காகச் சண்டை போட்டோம். வீட்டில் இருந்தால் ஆபத்து என்று புரிந்ததும் மாட வீதிகளைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். ஒரு வீட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து காபி மணம் வரும். அவர் நின்றுவிடுவார். நான் இழுத்துக்கொண்டு போவேன். முதல் வாரம் ஒரு வீதி. மார்கழியில், கோலங்களை மிதிக்காமல் எட்டி எட்டிக் கால் வைத்து, நான்கு வீதியும் சுற்றி முடித்தேன். ஒருநாள் அதிகாலை அவர் பாதித் தூக்கத்தில், "என்னம்மா, ஃபேன் ஓடுது?" என்று எழுந்து உட்கார்ந்தார். நான்தான் போட்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு பிராயச்சித்தமும் செய்தேன். கடைசி வரிசைப் பெண் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தாள். கால்ல தெம்பு இல்ல மிஸ் என்று அவள் சொன்னதெல்லாம் நிஜமாக இருந்தால்? எத்தனை இருபத்தைந்து கொடுத்திருக்கிறேன்! அவள் அம்மாவிடம் பேசி, இருவரையும் அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். முக்காலியில் உட்கார வைத்து எழச் சொன்னார், குதிகாலில் தட்டினார், ரத்தம் எடுக்க அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை ஒன்றும் வேண்டாம், ராத்திரி சீக்கிரம் படுத்தால் போதும் என்றார். அந்தப் பெண்ணுக்குத்தான் பெரிய ஏமாற்றம். "தைராய்டு இருக்கும்னு ரொம்ப நம்பினேன் மிஸ்" என்றாள்.

ஜனவரியில் ஒரு காலை, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளையார் முன்னால் நின்றேன். ஜூன் மாதம் கீழே போய் முடிக்காமல் விட்ட மூன்றாவது தோப்புக்கரணம் இன்னும் அங்கேயே இருந்தது. காதைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். தொடை நடுங்கியது. பின்னாலிருந்து, "இன்னா டீச்சர், வர்ட்டா?" என்று குரல். பூக்கட்டும் அம்மா கூடையை நகர்த்தும் சத்தம் கேட்டது. "வேணாம், அங்கயே இரு" என்று கத்தினேன். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே வந்தேன். அவள் எழுந்து வந்து, கேட்காமலே ஒரு முழம் கதம்பத்தை என் கொண்டையில் செருகிவிட்டுப் போனாள்.

ஆனால் ஒன்று போட்டு எழுவது வேறு, சம்மணத்திலிருந்து கையூன்றாமல், கூட்டத்தின் முன்னால், விசிலுக்குச் சரியாக எழுவது வேறு. பிப்ரவரி வந்தது. பெற்றோர் நாற்காலிகளில் என் கணவர் மடியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் தலைமையாசிரியை. நான் மைதானத்தின் நடுவில், முன்னூறு பெண்களைப் பார்த்தபடி நின்றேன். முதல் விசில் கொடுத்தேன். உட்கார்ந்தோம். மண் சுட்டது. இரண்டாம் விசிலை வாயில் வைத்தபோது, இதை ஊதாமலே இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஊதினேன்.

எழுந்தேன், கை தரையில் படவில்லை. ஆனால் அரை எண்ணிக்கை பின்தங்கினேன். எல்லோரும் நின்ற பிறகு நான் நிமிர்ந்தேன். அது எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எதிரே பார்த்தேன். கடைசி வரிசையில் அவள் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து சிரிப்பு கேட்டது. எல்லோர் கண்ணும் அவள்மேல்தான் இருந்தது. என்னைப் பார்க்க அங்கே யாருமில்லை, ஃபிளாஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிய ஒருவரைத் தவிர. டிரில் முடிந்ததும் தலைமையாசிரியை மேடையிலிருந்து இறங்கி வந்து, "லைப்ரரிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

எல்லாம் கலைந்த பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "டாக்டரே உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டார். இன்னைக்குமா லேட்?"

"உங்களுக்காகத்தான் மிஸ்" என்றாள். "நீங்க மட்டும் தனியா லேட்டா எழுந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு."

முகத்தை உற்றுப் பார்த்தேன். பதினேழு வருட அனுபவத்தில் எந்தப் பெண் பொய் சொல்கிறாள், எவள் நிஜம் சொல்கிறாள் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணிலேயே தண்ணீர் நின்றுவிட்டது. இருபத்தைந்து என்று சொல்ல வாயெடுத்தவள், அவளை என் கணவரிடம் அழைத்துப்போய், ஃபிளாஸ்க்கில் இருந்த முதல் டம்ளர் காபியை அவளுக்கு ஊற்றச் சொன்னேன்.